சட்டை வாங்கப் போய் சைலோஃபோன் வாங்கியவன் சொல்கிறேன்: வீட்டிலேயே பழகுவது எப்படி

பாண்டிச்சேரி காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமை போடுகிற சண்டே மார்க்கெட்டுக்குச் சட்டை வாங்கப் போய், எட்டுக் கலரில் எட்டுத் தகரப் பட்டை வைத்த பொம்மை சைலோஃபோன் ஒன்றோடு கடலூர் பஸ் ஏறியவன் நான். அக்கா மகளுக்கு என்று சொல்லித்தான் வாங்கினேன். அவள் இரண்டு நாள் தட்டிவிட்டு மறந்துபோனாள், எனக்குத்தான் விடவில்லை. மூன்று வருஷம் ஆகிறது. இப்போது வீட்டில் இரண்டு ஸ்தாயி (ஸவிலிருந்து மேல் ஸ வரை ஒரு ஸ்தாயி) உள்ள க்ளாக்கன்ஸ்பீல் ஒன்றும், பைப்பை அறுத்து நானே செய்த கருவி ஒன்றும் இருக்கின்றன. வாத்தியார் கிடையாது. நம் ஊரில் தவில் சொல்லித்தர ஆள் உண்டு, மிருதங்கம் உண்டு, கீபோர்டுக்குத் தெருவுக்கு ஒருவர் உண்டு, இதற்கு மட்டும் நான் விசாரித்த வரையில் யாரும் அகப்படவில்லை. அதனால் தட்டுத் தடுமாறித்தான் கற்றுக்கொண்டேன், தட்டியது அதிகம்.

முதலில் பெயர்க் குழப்பத்தை முடித்துவிடலாம். கடையில் சைலோஃபோன் என்று கேட்டால் பெரும்பாலும் உலோகப் பட்டை வைத்ததைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். சைலோ என்றால் கிரேக்க மொழியில் மரம், ஆகவே மரப்பட்டை இருந்தால்தான் அது சைலோஃபோன். சின்ன இரும்புப் பட்டை வைத்து மணி மாதிரி நீளமாக ஒலிப்பது க்ளாக்கன்ஸ்பீல். பெரிய மரப்பட்டைகளுக்குக் கீழே குழாய்கள் தொங்க, கனமாக முழங்குவது மரிம்பா. குவாதமாலா நாடு 1978இல் அதைத் தேசிய வாத்தியமாகவே அறிவித்துவிட்டது. காலால் மிதிக்க பெடல் வைத்த உலோகக் கருவி வைப்ரஃபோன். கடைசி இரண்டும் நம் பட்ஜெட்டுக்கும் வீட்டுக் கூடத்துக்கும் அடங்காது. ஆனால் கை எல்லாவற்றுக்கும் ஒரே கைதான், சின்னதில் பழகியது பெரியதிலும் உதவும்.

வாங்கும்போது ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். நீளமான பட்டையையும் குட்டையான பட்டையையும் அடுத்தடுத்துத் தட்டுங்கள், கீழ் ஸவும் மேல் ஸவும் ஒன்றோடொன்று ஒட்ட வேண்டும். ஒட்டாமல் பிசிறினால் என்ன கலர் அடித்திருந்தாலும் வேண்டாம். போனில் சுருதி காட்டுகிற ட்யூனர் ஆப் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. எட்டுப் பட்டைப் பொம்மை தொடங்கப் போதும், ஆனால் கொஞ்சம் செலவு செய்ய முடியுமென்றால் 25 பட்டை உள்ளதை வாங்குங்கள், கீபோர்டு மாதிரி பின்வரிசையும் சேர்த்துப் பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களும் இரண்டு ஸ்தாயிக்குக் கிடைத்துவிடும். பொம்மையே வாங்கியவர்களுக்கு ஒரு வைத்தியம்: ஒலி செத்துக் கிடந்தால் பட்டையைப் பிடித்திருக்கும் ஆணி இறுக்கமாக அடிக்கப்பட்டிருக்கும். அதை ஒரு நூல் அளவு தளர்த்தி, பட்டைக்கு அடியில் சின்னக் கம்பளித் துண்டு வையுங்கள். என் பொம்மையில் ‘ப’ இப்படித்தான் பிழைத்தது.

வாங்க மனசில்லை என்றால் செய்துவிடலாம், அதற்குத்தான் வருகிறேன். ஜன்னல் ஸ்க்ரீன் மாட்டுகிற எஸ்.எஸ். பைப் அல்லது அலுமினியம் பைப், முக்கால் இஞ்ச் விட்டம், 7 அடி வாங்குங்கள். அலுமினியக் கதவு செய்கிற கடையில் கட் பீஸாகக்கூடக் கிடைக்கும். ஒரே பைப்பை அறுக்கும்போது சுருதி நீளத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழாக மாறும், அதாவது நீளத்தைப் பாதியாக்கினால் சுருதி ஒரு ஸ்தாயி இல்லை, இரண்டு ஸ்தாயி ஏறிவிடும். இது தெரியாமல் நான் முதல் பைப்பைப் பாதியாக அறுத்து, மேல் ஸ கேட்கும் என்று காத்திருந்து, விசில் மாதிரி ஒன்று கேட்டு முழித்தேன். மேல் ஸ வேண்டுமென்றால் கீழ் ஸ நீளத்தில் 70.7 சதவீதம் வைக்க வேண்டும். கணக்கு போட்டே தருகிறேன்: ஸ 30 செ.மீ., ரி 28.3, க 26.7, ம 26, ப 24.5, த 23.1, நி 21.8, மேல் ஸ 21.2. இது சங்கராபரண ராகத்துக்கான அளவு. கூட்டிப் பார்த்தால் 2 மீட்டருக்குக் கொஞ்சம் மேல், ஹாக்ஸா தின்பது போக 7 அடியில் அடங்கும். குட்டைப் பைப்கள் இந்தக் கணக்கைவிடச் சற்றுத் தாழ்ந்தே ஒலிக்கும், கவலைப்படாதீர்கள், முனையை அரத்தால் ராவினால் சுருதி ஏறும். ராவியது திரும்ப ஒட்டாது என்பதால் நாலு இழுப்புக்கு ஒருமுறை ட்யூனரைப் பாருங்கள், ராவின சூடு ஆறின பிறகு பாருங்கள்.

அறுத்தாயிற்று, எங்கே தாங்குவது? இந்த இடத்தில்தான் பலரும் கோட்டை விடுவது. பைப்பைக் கையில் கெட்டியாகப் பிடித்துத் தட்டினால் ‘டொக்’ என்கும். தட்டும்போது பைப்பின் நடுவும் இரண்டு முனைகளும் அதிரும், இடையில் இரண்டு புள்ளிகள் மட்டும் அசையாமல் நிற்கும், அங்கே தாங்கினால்தான் முழு ஒலியும் வெளியே வரும். ஒவ்வொரு முனையிலிருந்தும் நீளத்தில் 22.4 சதவீதத்தில் அந்தப் புள்ளி இருக்கிறது. 30 செ.மீ. பைப்புக்கு 6.7 செ.மீ., 21.2 செ.மீ. பைப்புக்கு 4.7 செ.மீ. ஸ்கேல் வைத்துக் குறித்தால் போதும், ஆனால் கண்ணால் பார்க்க ஆசை இருந்தால் தட்டைப் பட்டை ஒன்றின் மேல் பொடி உப்பைத் தூவிவிட்டு நடுவில் மெதுவாகத் தட்டிக்கொண்டே இருங்கள். மரக்காணம் உப்புதான், சமையல்கட்டில் இருந்து ஒரு சிட்டிகை எடுத்தேன். முதல் பத்துத் தட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் உப்புக் கல்லெல்லாம் எறும்பு மாதிரி நகர்ந்து நகர்ந்து, குறுக்கே இரண்டு கோடாக ஒதுங்கி நின்றது, பள்ளிக்கூடத்தில் அறிவியல் படித்தபோது இப்படி யாராவது காட்டியிருந்தால் இன்னும் நாலு மார்க் வாங்கியிருப்பேன். அந்தக் கோடுகளுக்கு அடியில் பார்சலில் வருகிற ஃபோம் பட்டை இரண்டை ஒரு பலகையில் ஒட்டி, நீளப் பைப் பக்கம் அகலமாகவும் குட்டைப் பக்கம் நெருக்கமாகவும் சரித்து வைத்து, பைப்களைச் சும்மா மேலே அடுக்குங்கள். ஒட்ட வேண்டாம், ஒட்டினால் ஒலி செத்துவிடும். உருளாமல் இருக்கப் பக்கத்துக்கு ஒரு குண்டூசி போதும்.

பண்ருட்டிப் பக்கத்துப் பலாக்கட்டையில்தான் மிருதங்கமே செய்கிறார்கள் என்ற நினைப்பில் மரத்திலும் ஒன்று செய்து பார்த்தேன். பச்சை வாடை போகாத பலகை, கதவைத் தட்டின சத்தம்தான் வந்தது. பல வருஷம் காய்ந்த, கணு இல்லாத, இழை நேராக ஓடுகிற கட்டை கிடைத்தால் முயலுங்கள். அடிப்பக்கம் நடுவில் செதுக்கினால் சுருதி இறங்கும், முனையில் செதுக்கினால் ஏறும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஆரம்பத்தில் பைப்தான் நிம்மதி.

குச்சி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம், ஏனென்றால் ஒலியில் பாதி குச்சிதான். பொம்மையோடு வருகிற பிளாஸ்டிக் குச்சி கைக்குக் குட்டை, எடையும் இல்லை. பிரம்பு நாற்காலி பின்னுகிறவர்களிடம் பென்சிலைவிடக் கொஞ்சம் மெல்லிய பிரம்பு கேட்டு வாங்கி 38 செ.மீ.க்கு இரண்டு நறுக்கினேன். பெட்டிக்கடையில் விற்குமே, தரையில் எறிந்தால் கூரை வரை துள்ளும் குட்டி ரப்பர் பந்து, அதில் கோணி ஊசியால் ஓட்டை போட்டு அரால்டைட் வைத்துச் செருகி ஒரு ராத்திரி காயவிட்டேன். ரப்பர் பந்து பைப்புக்கும் மரத்துக்கும் பொருந்தும். க்ளாக்கன்ஸ்பீல் இரும்புப் பட்டைக்கு அது மந்தமாகக் கேட்கும், கடினமான பிளாஸ்டிக் அல்லது பித்தளை முனைதான் அதற்குச் சரி. அந்தப் பித்தளைக் குச்சியைத் தப்பித் தவறிக்கூட மரப்பட்டையில் போடாதீர்கள், குழி விழும்.

பிடி. ஸ்கூட்டர் ஹேண்டில் பிடிப்பது போலப் புறங்கை மேலே இருக்கட்டும். குச்சியின் பின்முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் பிடிக்கும், மற்ற மூன்று விரல்கள் குருவிக்குஞ்சைப் பொத்துவது மாதிரி சும்மா சுற்றி இருக்கும். முழங்கை விலாவில் ஒட்ட வேண்டாம். கருவி இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும், தரையில் சம்மணம் போட்டு மடியில் வைத்து வாசித்தால் பத்து நிமிஷத்தில் கழுத்து பிடித்துக்கொள்ளும். அயர்ன் பண்ணுகிற டேபிள் எனக்குச் சரியான உயரமாக அமைந்தது, துணி தேய்க்கிற நேரத்தில் மட்டும் வீட்டில் சண்டை.

இனி அடி. சொல்லப்போனால் எனக்கு எட்டு மாதம் வீணானது இந்த ஒரு விஷயம் தெரியாததால்தான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். ஆணி அடிப்பது போலக் குச்சியைக் கீழே அழுத்துகிறோம். அழுத்தினால் குச்சி முனை பட்டையில் ஒரு கணம் கூடுதலாகத் தங்கும், எழும்ப வேண்டிய ஒலியைக் குச்சியே அமுக்கிவிடும். பந்தைத் தரையில் தட்டித் தட்டி விளையாடும்போது பந்து தானாக எழும்பிக் கைக்கு வருகிறதல்லவா, குச்சியையும் அப்படித்தான் விட வேண்டும். கீழே போவது மணிக்கட்டின் சின்ன அசைவு, மேலே வருவது பட்டை கொடுக்கிற துள்ளல், உங்கள் வேலை அதற்கு இடம் கொடுப்பது. ஒரு சாண் உயரத்தில் தொடங்கினால் அடித்து முடித்த குச்சி மறுபடி அந்த ஒரு சாண் உயரத்துக்கே வந்து நிற்க வேண்டும், அடுத்த அடிக்குத் தயாராக. இதை ஒரே பட்டையில் வலது கையால் இருபது, இடது கையால் இருபது என்று ஒரு வாரம் செய்யுங்கள், பாட்டு கீட்டு எதுவும் வேண்டாம். போனைப் பக்கவாட்டில் நிறுத்தி ஸ்லோ மோஷனில் படம் எடுத்துப் பாருங்கள். என் வீடியோவில் வலது குச்சி ஜம்மென்று எழும்பி நின்றது, இடது குச்சி பாதி உயரத்தில் தொங்கிக்கொண்டு மாட்டு வாலைப் போல ஆடியது. காதுக்கு அது தெரியவே இல்லை, கண்ணுக்குத்தான் தெரிந்தது. இடது கைக்கு மட்டும் தனியாக ஒரு மாதம் கூடுதல் வேலை கொடுத்த பிறகுதான் இரண்டும் ஒரே மாதிரி ஒலித்தன.

எங்கே தட்டுவது என்றால் நடுவில். உப்பு ஒதுங்கிய அந்தக் கோட்டில் தட்டினால் ஒலி மங்கிவிடும். இரண்டு குச்சியும் ஒரே பட்டையில் இறங்கும்போது ஒன்றோடொன்று மோதும், அதற்கு இடது குச்சியை ஒரு இஞ்ச் முன்னே தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், இரண்டும் நடுப்பகுதிக்குள்ளேயே இருக்கட்டும். 25 பட்டைக் கருவியில் பின்வரிசைக்கு வேகமாகப் போகும்போது மட்டும் நடுவைத் தேடாமல் நம் பக்கத்து விளிம்பில் தட்டிவிட்டு வந்துவிடலாம்.

சரி, என்ன வாசிப்பது? வெளிநாட்டு வீடியோக்கள் எல்லாம் ஐந்து கோட்டு நொட்டேஷனில் ஆரம்பிக்கும். படிக்கத் தெரிந்தால் நல்லதுதான், தெரியாவிட்டால் அதற்காக உட்காராதீர்கள். நம் பிள்ளைகள் பாட்டு வகுப்பில் முதல் நாள் பாடுகிற ஸரளி வரிசையும் ஜண்டை வரிசையும் அலங்காரமும் குச்சி வாத்தியத்துக்கு என்றே செய்தது போல இருக்கின்றன. ஒரு சிக்கல், பாட்டு வகுப்பில் இவை மாயாமாளவகௌளை ராகத்தில்தான் தொடங்கும். எட்டுப் பட்டைக் கருவியில் அதன் ரியும் தவும் கிடையாது, ஆகவே சங்கராபரணத்தில் வாசியுங்கள். 25 பட்டை இருப்பவர்கள் ரிக்கும் தவுக்கும் பின்வரிசைக்குப் போனால் மாயாமாளவகௌளையே கிடைக்கும், கைக்கும் நல்ல வேலை.

ஸரளி வரிசையை வலது, இடது, வலது, இடது என்று மாற்றி மாற்றி வாசியுங்கள். சீராகத் தாளம் தட்டிக் காட்டுகிற மெட்ரோனோமை நிமிஷத்துக்கு 60 தட்டில் வையுங்கள், ஒரு தட்டுக்கு ஒரு ஸ்வரம். அதுவே ஒரு தட்டும் சறுக்காமல் வந்த பிறகு ஒரு தட்டுக்கு இரண்டு. ஜண்டை வரிசை ஸஸ ரிரி கக மம என்று இரட்டையாக வருமல்லவா, அதை ஒருநாள் வலது இடது என்றும், மறுநாள் வலது வலது, இடது இடது என்றும் வாசியுங்கள். ஒரே கையால் இரண்டு அடி போடும்போது இரண்டாவது அடி மெலிந்து கேட்கும், துள்ளலைச் சரியாக விடுகிறீர்களா என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும். தாட்டு வரிசையில் ஸ்வரங்கள் தாவும், அங்கேதான் பக்கத்துப் பட்டையில் அடி விழும். குச்சியைப் பார்க்காமல் அடுத்து போக வேண்டிய பட்டையைப் பாருங்கள், வண்டி ஓட்டும்போது டயரையா பார்க்கிறோம்?

எனக்குப் பிடித்தது திஸ்ர திரிபுட அலங்காரம். ஸ ரி க, ஸ ரி, க ம என்று ஏழு எண்ணிக்கை. கை மாற்றி மாற்றி வாசித்தால் முதல் வரி வலதில் தொடங்கி வலதிலேயே முடியும், ஆகவே ரி க ம, ரி க, ம ப என்ற அடுத்த வரியை இடது கை தொடங்கியாக வேண்டும். வரிக்கு வரி தலைமை மாறும். வாயில் ‘தகிட தக திமி’ சொல்லிக்கொண்டே செய்யுங்கள், சொல் தப்பினால் கையும் தப்பும், சொல் நின்றால் கையும் நிற்கும். இடது கை சோம்பேறி என்று தனியாகத் திட்ட வேண்டாம், இந்த ஒரு அலங்காரம் அதைப் பார்த்துக்கொள்ளும்.

மூன்று நாலு வாரத்தில் அலுப்பு தட்டும், தட்டத்தான் செய்யும். அப்போது ம, நி இரண்டு பைப்பையும் எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள். மிச்சம் ஸ ரி க ப த, மோகனம்! இனி கண்ணை மூடிக்கொண்டு எதைத் தட்டினாலும் அபஸ்வரம் என்று ஒன்று வராது, குழந்தை தட்டினாலும் இனிக்கும். ஜெர்மனியில் கார்ல் ஓர்ஃப் என்ற இசையமைப்பாளர் குழந்தைகளுக்காக உருவாக்கிய கருவிகளில் பட்டைகளைக் கழற்றி மாட்டுகிற மாதிரி வைத்ததும் இதே சூட்சுமத்துக்குத்தான். அதே ஐந்து பைப்பில் ரியை ஸவாக வைத்துச் சுற்றினால் மத்யமாவதி, கவை ஸவாக வைத்தால் இந்தோளம். எட்டுப் பட்டையையும் வைத்துக்கொண்டு ரியில் தொடங்கினால் கரகரப்பிரியா, மவில் தொடங்கினால் கல்யாணி. ஸவை மட்டும் நடுநடுவே அடித்து நிலைநிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் காது பழைய ஸவுக்கே ஓடிவிடும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், ஸ்வரத்தை அசைத்துக் குழைக்கிற கமகம் இதில் வராது. பட்டையை வளைக்க முடியாது, வீணைக் கம்பியை இழுக்கிற மாதிரி எதுவும் இங்கே இல்லை. ஜலதரங்கத்திலாவது தண்ணீரைக் குச்சியால் தொட்டுக் கொஞ்சம் குழைக்கலாம், இதில் அதுவும் கிடையாது. ஆகவே தோடியை விஸ்தாரமாக வாசிக்கப் போகிறேன் என்று கிளம்பாதீர்கள். நேர் ஸ்வரமாக ஓடுகிற மெட்டுகள், மேல்நாட்டு மெட்டில் அமைந்த நோட்டு ஸ்வரங்கள், பழைய சினிமாப் பாட்டின் இடையிசை, கோயில் திருவிழாவில் நாதஸ்வரக்காரர் துள்ளலாக வாசிக்கிற துக்கடா, இவை அழகாக உட்காரும். நீண்ட ஸ்வரம் வரும் இடத்தில் இரண்டு குச்சியாலும் அதே பட்டையில் சிறுசிறு அடியாக உருட்டுங்கள், மரத்திலும் பைப்பிலும் ஒலி அறாமல் நிற்கும். க்ளாக்கன்ஸ்பீலில் நேர்மாறான தொல்லை, அடித்த ஸ்வரம் போகவே போகாது, அடுத்ததோடு கலந்து சேறாகும். அடுத்ததை ஒரு கை அடிக்கும்போதே, முந்தின பட்டையை மறுகை விரல் நுனியால் தொட்டு அணைத்துவிடுங்கள். ட்யூனர் ஆப்பில் உங்கள் ஸ மிக உயர்ந்த ஸ்தாயி எண்ணைக் காட்டினால் ஆப் கெட்டுவிட்டதாக நினைக்காதீர்கள், க்ளாக்கன்ஸ்பீல் எழுதியிருப்பதைவிட இரண்டு ஸ்தாயி மேலேயும் சைலோஃபோன் ஒரு ஸ்தாயி மேலேயும் ஒலிக்கிறவை.

நாலு குச்சி பிடித்து வாசிக்கிற வீடியோக்களைப் பார்த்து மயங்காதீர்கள், ஒரு வருஷம் போகட்டும். பார்த்து ஆசைப்பட வேண்டுமென்றால் ஆரோவில்லில் ஸ்வரம் என்ற இசைக்கருவிப் பட்டறை இருக்கிறது, குழாயையும் கட்டையையும் கல்லையும் எப்படியெல்லாம் பேச வைக்கிறார்கள் என்று ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். நான் அங்கே போய்வந்த பிறகுதான் வீட்டுக்கு வந்து ஃபோமைப் பிய்த்துவிட்டு மறுபடி ஒட்டினேன்.

அக்கம்பக்கத்தையும் நினைக்க வேண்டும். எங்கள் தெருவில் சுவரும் சுவரும் ஒட்டின வீடுகள். மத்தியானம் மூன்று மணிக்கு ஜண்டை வரிசை வாசித்தால் எதிர்வீட்டு அம்மா வாசலுக்கு வந்து, “ஏன் தம்பி, பஞ்சுமிட்டாய்க்காரன் வந்துட்டானா?” என்று கேட்பார். கிண்டல்தான், ஆனால் பேரனைத் தூங்க வைத்துக்கொண்டிருக்கிறார் என்பது அதில் இருக்கிறது. அதிலிருந்து மத்தியானத்தில் பட்டைகள் மேல் ஒரு ஈரிழைத் துண்டை விரித்துவிட்டு வாசிக்கிறேன். ஸ்வரம் கேட்காது, தாளம் மட்டும் ‘தப் தப்’ என்று கேட்கும், கை ஒழுங்குக்கு அது போதும்.

கடைசியாகத் துரு. கடற்கரை ஊரில் இரும்பு வைத்திருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஜன்னல் கம்பியே சாட்சி. வாசித்து முடித்ததும் காய்ந்த பருத்தித் துணியால் பட்டைகளைத் துடையுங்கள், விரல் பட்டு அணைத்த இடங்களில் வியர்வை உப்பு இருக்கும். செருப்புப் பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்துவைத்துக் கருவிப் பையில் போடுங்கள், ஐப்பசி கார்த்திகையில் மாதம் ஒருமுறை மாற்றுங்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்த ராத்திரி, என் க்ளாக்கன்ஸ்பீல் கட்டிலுக்கு அடியில் இருந்தது. விடிவதற்குள் கூடத்தில் கணுக்கால் தண்ணீர். அரிசி மூட்டையை மேலே ஏற்றினோம், சர்டிபிகேட் ஃபைலை ஏற்றினோம், இதை யாரும் நினைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து எடுத்தபோது நாலு பட்டையில் செம்மண் நிறத்தில் துரு. நைஸ் உப்புத்தாளால் தேய்த்ததில் துரு போனது, மேல் பூச்சும் சேர்ந்து போனது, த மட்டும் இன்றைக்கும் ஒரு மயிரிழை விலகித்தான் ஒலிக்கிறது. பைப் கருவிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஃபோம் மட்டும் மிதந்துபோய் அடுப்படி வாசற்படியில் ஒதுங்கியிருந்தது. இப்போது இரண்டும் பரண் மேல்.